மாற்றிக் கட்டிய குரூஸரை நேரடியாக விற்பது எப்படி?

என்னுடையது 2014 தண்டர்பேர்டு 350, ராயல் என்ஃபீல்டின் குரூஸர் பைக். நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக நெடுந்தூரம் ஓட்டும் வகை. வாங்கி இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. ஹேண்டில் பாரில் ஆரம்பித்தது. சைலன்சர், ஒற்றை சீட், அகலமான பின் டயர், முன்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், கறுப்பு மேட் பெயின்ட் என்று மூன்று வருடத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் அதற்குள் போனது. விற்கக் கிளம்பியபோது முதலில் வந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பாராட்டப் போகிறார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "பழைய சைலன்சர் வீட்ல இருக்கா தம்பி?"

அந்தக் கேள்வி எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது. வருகிறவர் காசு கொடுப்பது இன்ஜினுக்கும் காகிதத்துக்கும். நாம் ஆசைப்பட்டு மாட்டியதெல்லாம் அவர் கணக்கில் கழிவு. சரி, அதற்கு ஏற்றமாதிரி எப்படி விற்பது என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இது தமிழ்நாட்டில் தண்டர்பேர்டு, மீட்டியார், அவெஞ்சர் மாதிரி ஒரு குரூஸரை மாற்றிக் கட்டிவிட்டு, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்குப் போகாமல் நேராக ஒருவருக்கு விற்க நினைப்பவர்களுக்கு.

முதலில் கழற்றுங்கள்

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் பழைய பாகங்கள் கையில் இருந்தால் வண்டியைக் கம்பெனியில் இருந்து வந்த நிலைக்குத் திருப்பிவிட்டு விற்பதுதான் லாபம். மாட்டிய பாகங்களைத் தனியாக விற்கலாம்.

காரணம் ரசனை மட்டும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விவரம் தெரிந்தவர் உங்கள் வண்டியைப் பார்க்கும்போது மனதுக்குள் ஐயாயிரம் ஐயாயிரமாக எண்ணிக்கொண்டிருப்பார்.

பழைய பாகங்களைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களில் புல்லட் மட்டுமே பார்க்கும் மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள். உங்களைப் போலவே கழற்றி எறிந்தவர்களின் சைலன்சர் அவர் கடைக்குப் பின்னால் கிடக்கும். சைலன்சர், ஹேண்டில் பார், மட்கார்டு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் ஆகிய ஐந்தையும் சரி செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. சீட்டும் டயரும் அவசரம் இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். மாற்றிய கோலத்தில் எனக்கு வந்த அதிகபட்ச விலை 70,000. பழைய பாகங்களை மாட்ட மெக்கானிக் கூலி உட்பட 6,500 ஆனது. திருப்பிய வண்டி 82,000க்குப் போனது. கழற்றிய பாகங்களைத் தனித்தனியாக விற்றதில் 21,000 வந்தது. பாகங்களை வாங்கியவர்கள் எல்லாருமே தங்கள் வண்டியை மாற்றத் தொடங்கிய பையன்கள். "சூப்பர் அண்ணே" என்று சொல்லி வாங்கிப் போனார்கள். நான் எதிர்பார்த்த பாராட்டு கடைசியில் அவர்களிடம் இருந்துதான் வந்தது.

திருப்ப முடியாத மாற்றங்களும் உண்டு. பின்பக்க ஃபிரேமை வெட்டிச் சிறிதாக்கியிருப்பது, முன் ஃபோர்க்கின் சாய்வை மாற்றியிருப்பது, இன்ஜினையே மாற்றியிருப்பது. இவற்றை மறைத்து விற்காதீர்கள். பதிவுக் காலமான 15 வருடம் முடிந்து புதுப்பிக்கப் போகும்போது வாங்கியவர் அதிகாரி முன்னால் மாட்டிக்கொள்வார், அடுத்த நிமிடம் உங்களுக்குப் போன் வரும். வெட்டியதை வெட்டியது என்று எழுதி, விலையைக் குறைத்து, அதைத் தெரிந்தே வாங்குகிறவருக்குக் கொடுங்கள். இன்ஜின் மாறியிருந்தால் ஆர்.சி.யில் அந்த எண் ஏறாத வரைக்கும் விற்பனையைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிறத்தை மாற்றியிருந்தாலும் ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு ஒத்துப் பாருங்கள். எனக்குக் கறுப்பில் மேட் கறுப்பு அடித்ததால் தப்பித்தேன்.

பென்சிலில் எடுக்கும் நம்பர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கே உரிய தலைவலி இது. ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்திருப்பீர்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும். கோட்டிங் தடிமனாக ஏறி அந்த எழுத்துகளின் பள்ளத்தை நிரப்பிவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் நம்பரே இல்லாத மாதிரி இருக்கும். திருட்டு வண்டி என்று சந்தேகப்பட அதைவிட வேறென்ன வேண்டும்?

வேறு மாநிலத்துக்குத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருந்தால் அந்த நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். இப்போதே ஒருமுறை முயன்று பாருங்கள். எல்லா எழுத்தும் தெளிவாக விழவில்லை என்றால் பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் துடைத்து எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்த தடம் இருந்தால் நம்பரைத் திருத்தியதாகத்தான் யாரும் நினைப்பார்கள். துடைத்தபின் துருப் பிடிக்காமல் லேசாக எண்ணெய் தடவி விடுங்கள்.

காகிதங்கள்

ஆர்.சி., நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் தவணை முடிந்தது மட்டும் போதாது. வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் ஹைபோதிகேஷனை (வண்டி கடனுக்கு ஈடு என்ற பதிவை) நீக்கியிருக்க வேண்டும். தவணை முடித்து ஐந்து வருடம் ஆகியும் இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர். அரசின் எம்பரிவாகன் செயலியில் உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள், வங்கியின் பெயர் இன்னும் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

அபராதச் சலான் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மைப் போல சத்தமான சைலன்சர் வைத்திருந்தவர்களுக்கு நமக்கே தெரியாமல் ஒன்றிரண்டு விழுந்திருக்கும். பெயர் மாற்றும் நேரத்தில் அது குறுக்கே நிற்கும். இன்னொன்று, ஆர்.சி.யோடு பதிவான மொபைல் எண் இப்போது நீங்கள் பயன்படுத்தும் எண்தானா? ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். என் வண்டியில் ஷோரூம் பையன் அன்று ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தான். அதை மாற்ற ஒரு நாள் போனது.

விலை

உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அதே மாடல், அதே வருடம், மாற்றாத வண்டிக்கு என்ன கேட்கிறார்கள் என்று ஒரு பத்து விளம்பரம் பாருங்கள். அது கேட்கும் விலை, போகும் விலை அல்ல. அதில் பத்து சதவீதம் கழித்தால் ஓரளவுக்கு உண்மை தெரியும். நம் ஊரில் "கடைசி விலை என்ன?" என்பது வணக்கம் சொல்வது மாதிரி. வண்டியைப் பார்க்காமலேயே கேட்பார்கள். பார்க்காதவருக்குக் கடைசி விலை சொல்லாதீர்கள், "வந்து பாருங்க, பேசிக்கலாம்" போதும்.

தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. 2020இல் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது அந்த மாடல் நின்றுபோனது, அந்த வருடக் கடைசியில் மீட்டியார் வந்தது. மீட்டியாரில் கிக்கர் கிடையாது. கிக்கரும் கார்புரேட்டரும் உள்ள, ரோட்டோர மெக்கானிக்கே பிரித்துச் சேர்க்கக்கூடிய 350 குரூஸர்தான் வேண்டும் என்று தேடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள்தான் உங்கள் வண்டிக்குச் சரியான ஆட்கள். சமீபத்தில் கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட் மாற்றியிருந்தால் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். முப்பதாயிரத்துக்குச் செய்த பெயின்ட்டுக்கு வராத விலை நாலாயிரம் ரூபாய் செயின் செட்டுக்கு வரும்.

ஆடி மாதத்தில் விளம்பரம் போட்டுவிட்டு யாருமே வரவில்லை என்று விலையைக் குறைக்க வேண்டாம். பலர் அந்த மாதம் வண்டி வாங்க மாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும்.

படமும் விளம்பரமும்

காலை ஏழு, ஏழரை வெயிலில், பின்னால் வெறும் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் முழுதாக, இன்ஜின் கிட்டத்தில், மீட்டர், இரண்டு டயரின் பட்டன் (தேய்மானம் தெரியும் மேடுகள்), செயின். கீறல், துரு, டேங்க் நசுங்கல் இருந்தால் அதையும் ஒரு படம். குறையைக் காட்டினால் விலை குறையும் என்று பயப்பட வேண்டாம். நேரில் வந்து கண்டுபிடித்தால் அதைவிட அதிகமாகக் குறைப்பார்கள். நம்பர் பிளேட்டைப் பொதுவில் மறைத்து விடுங்கள். வாங்குவார் என்று தோன்றும் ஆளுக்கு மட்டும் நம்பரைக் கொடுங்கள், செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்வார்.

நான் கடைசியாகப் போட்ட விளம்பரம் இப்படி இருந்தது:

"தண்டர்பேர்டு 350, 2014 மாடல், சிங்கிள் ஓனர், 41,000 கி.மீ. கறுப்பு (டேங்க் மேட் பெயின்ட்). மாற்றியிருந்த பாகங்கள் எல்லாம் கழற்றி ஒரிஜினல் மாட்டியது. பின் டயர் 60 சதவீதம். இடது பக்கம் ஒருமுறை விழுந்த கீறல் உண்டு, படத்தில் காட்டியிருக்கிறேன். லோன் இல்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினில் வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்."

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. வண்டி வாங்கத் தெரிந்தவர் வந்ததும் முதலில் பேசமாட்டார். குனிந்து இன்ஜின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டு போவார். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்து எதையோ மறைக்கிறோம் என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே அவர் வருகிற அன்று வண்டியைத் தொடாதீர்கள். சோக்கை இழுத்து அவரையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறவர்

இங்கேதான் என் அனுபவம் கொஞ்சம் வலிக்கும். அப்போது இன்னும் எதையும் கழற்றவில்லை. வந்த ஒருவர், நல்ல மனிதர், இருபது வருடமாகப் பைக் ஓட்டுகிறவர், தெருமுனை வரை போனார். திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பழக்கத்தில் வலது காலைக் கீழே அழுத்தினார். அங்கே பிரேக் இல்லை. என் வண்டியில் பிரேக் பெடல் ஒரு முழம் முன்னால் இருந்தது. கால் காற்றில் மிதித்தது, பதற்றத்தில் முன் பிரேக்கை மொத்தமாகப் பிடித்தார், வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு விளம்பரத்தில் எழுதிய அந்தக் கீறல். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே கட்டுப்பாடுகளை மாற்றி வைத்த வண்டியை அப்படியே கொடுப்பதாக இருந்தால், முதலில் ஸ்டாண்டில் நிறுத்தி அவரை உட்காரவைத்து, இன்ஜினை ஆன் பண்ணாமல் பிரேக்கையும் கியரையும் நாலைந்து முறை மிதிக்கச் சொல்லுங்கள். உயரமான ஹேண்டில் பாரில் வண்டி மெதுவாகத் திரும்பும், அகல டயர் வளைவில் சாய மறுக்கும் என்பதையும் வாயால் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் முடிந்த வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்க வேண்டாம்.

திரும்பி வராமலே போனவர்கள் கதையும் கேட்டிருப்பீர்கள். அசல் லைசென்ஸை வாங்கி, முகத்தோடு ஒத்துப் பார்த்து, உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்த வண்டி ஒன்று உங்கள் வாசலில் நிற்பது இன்னும் நல்லது. பஸ்ஸில் வந்தேன் என்கிறவரை நீங்களே பின்னால் உட்கார்ந்து கூட்டிப் போங்கள்.

பணம்

முன்பணமாக 1,001 ரூபாய் கொடுத்து "நமக்குத்தான் வண்டி" என்று போகிறவர்கள் உண்டு. வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள் என்று அப்போதே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போதும்.

"நான் ராணுவத்தில் இருக்கேன், நேரில் வர முடியாது, பணம் அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று எவராவது சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடலாம். பணம் வாங்க யு.பி.ஐ. பின் நம்பர் போடத் தேவையே இல்லை. பின் கேட்டால் அது உங்கள் பணம் வெளியே போகிற வழி. பணம் அனுப்பிவிட்டேன் என்று அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்தபின் சாவியைக் கொடுங்கள்.

யு.பி.ஐ.யில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும், அதற்கு மேல் என்றால் ஐ.எம்.பி.எஸ். அல்லது நெஃப்ட். விலை உயர்ந்த 650 சி.சி. வண்டி, ஹார்லி விற்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கினால் அதே தொகை அபராதமாகப் போகும்.

கையெழுத்து

படிவம் 29 நீங்கள் விற்றதாகத் தெரிவிப்பது, இரண்டு பிரதி. படிவம் 30 அவர் பெயருக்கு மாற்றக் கோருவது. நம் ஊர்ப் பழக்கம் என்னவென்றால், இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டு வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு, "அப்புறம் மாத்திக்கோங்க" என்று சொல்லி அனுப்புவது. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தேதியும் பெயரும் இல்லாத அந்தக் காகிதத்தோடு வண்டி மூன்று கை மாறும். ஆர்.சி.யில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

இருந்தால் என்ன? இப்படிப் பல கை மாறிப்போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். அந்த விஜய் குமார் காரை 2007இலேயே விற்றுவிட்டவர். விபத்து நடந்தது 2009இல்.

எனவே பணம் வந்த அன்றே, வாங்குபவரை உடன் வைத்துக்கொண்டு பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். உங்கள் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், அவருக்கும் வரும், ஒரே மேசையில் முடிந்துவிடும். கட்டணத்தை அவர் கட்டுவதுதான் வழக்கம். "எனக்குத் தெரிஞ்ச ஆளு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருக்காரு, நான் பார்த்துக்கிறேன்" என்றால், "நல்லது, இன்னைக்கே அவரைப் பார்ப்போம்" என்று கூடவே கிளம்புங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் அவர் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 50ஆம் பிரிவு. புதுச்சேரி, பெங்களூர் என்று வெளியே போகிறது என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்த மாநில வரி அவர் பாடு.

டெலிவரி நோட் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளே போதும். வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், விலை, இருவர் முகவரி, ஒரு சாட்சி. தேதியோடு மணியும் எழுதுங்கள்: "இன்று மாலை 4.20 மணி முதல் இந்த வண்டியால் ஏற்படும் வழக்கு, விபத்து, அபராதம் அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு" என்று. இது ஆர்.சி. மாற்றத்துக்கு ஈடாகாது. ஆனால் மாறுகிற இடைவெளியில் ஏதாவது சலான் வந்தால் உங்களிடம் காட்ட ஒரு தாள் இருக்கும். வண்டியில் அப்போதும் ஏதாவது மாற்றிய பாகம் இருந்தால் அதையும் இதிலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். ஆதார் நகல் கொடுப்பதாக இருந்தால் எண் மறைத்த ஆதாரைக் கொடுத்து, குறுக்கே "இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதுங்கள்.

கன்சல்டிங்கிலேயே கொடுத்துவிடலாம் என்று கடைசியில் மனம் மாறினால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி அங்கீகாரச் சான்று பெற்ற கடையா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட கடை என்றால் படிவம் 29சி போட்டுப் பொறுப்பைத் தங்கள் பெயருக்கு எடுத்துக்கொள்ளும். கேட்டதும் முகம் மாறினால் வேறு கடை பாருங்கள்.

அதற்குப் பிறகு

இன்ஷூரன்ஸை அவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் உங்களுக்குச் சேர்ந்திருக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், வண்டியோடு போவது இல்லை, அது உங்களுடையது. கம்பெனியிடம் எழுதிக் கேட்டு சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். 50 சதவீதம் வரை ஏறியிருந்தால் அது சின்னத் தொகை அல்ல.

சாவி கொடுக்கும் முன் டூல் பாக்ஸையும் சைடு பேக்கையும் துழாவிப் பாருங்கள். என்னுடையதில் லைசென்ஸ் நகல், இரண்டு பெட்ரோல் பில், என் அம்மா கட்டிவிட்ட திருஷ்டிக் கயிறு இருந்தன. கயிற்றை அவிழ்க்க மனமில்லாமல் அப்படியே விட்டேன். வாங்கிய தம்பி, "இருக்கட்டும் அண்ணே" என்றான்.

அப்புறம் வாரம் ஒருமுறை செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரைப் பாதி மறைத்துத்தான் காட்டும், ஆனால் முதல் எழுத்து மாறியது தெரியும். எனக்கு அது மாற மூன்று வாரம் ஆனது. மாறிய அன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, டெலிவரி நோட்டோடு ஒரே ஃபைலில் வைத்தேன். அந்த உயரமான ஹேண்டில் பாரைக் கேட்டு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. பரணில் கிடக்கிறது.